ஆழ்கடல் நத்தைகளும் பெயரிடலின் சமூக அடிப்படையும்: வகைப்பாட்டு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

ஓர் உயிரினத்தை விவரித்து, வகைப்படுத்தி, அதற்குப் பெயரிடும் செயல், ஆய்வுகூடத்தின் தனிமையில் விஞ்ஞானியொருவர் நிகழ்த்தும் தூய அறிவுத் தொழிற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இயற்கையில் ஏலவே உள்ள ஒழுங்கை மனிதமனம் கண்டறிந்து பதிவுசெய்கின்றது என்பதே இக்கருத்தின் சாரமாகும். இது முற்றிலும் பொய்யானதன்று. ஆயினும், எவ்வுயிர் எக்காலத்தில் மனிதரின் கண்ணிற் படுகின்றது, எது முதலில் விவரிக்கப்படுகின்றது, எது பெயரின்றி நெடுங்காலம் காத்திருக்கின்றது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், இயற்கையின் ஒழுங்கு மாத்திரம் அவற்றுக்கு விடைதரப் போதாது என்பது புலனாகும். அவ்விடைகளைச் சமூக வரலாற்றிலேயே தேடவேண்டும்.

ஆழ்கடல் நத்தைகளின் வகைப்பாட்டு வரலாற்றை இவ்வகையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் விலங்கியலார்க்குரிய துறையொன்றிற் கால்வைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனாற் பெயரிடல் ஒரு மொழிச் செயல். வகைப்படுத்தல் சமூக நனவின் வடிவங்களுள் ஒன்று. இலக்கிய வகைகளையும் இலக்கண மரபுகளையும் அவை தோன்றி வளர்ந்த சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்கும் முறையியல் இதற்கும் பொருந்துவதேயாகும். அன்றியும், இக்கட்டுரையில் நாம் முதன்மையாக எடுத்துக்கொள்ளும் நத்தை, எம்மைச் சூழ்ந்துள்ள இந்து சமுத்திரத்தின் அடித்தளத்தில் வாழ்வது. 2001ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட அவ்வுயிர் 2015ஆம் ஆண்டிலேயே முறையாகப் பெயர் பெற்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் அதன் ஓடு ஆயுத ஆராய்ச்சியாளரின் கவனத்தைப் பெற்றது. அது வாழும் நிலம் அகழ்வாய்வுக்காகப் பகிர்ந்தளிக்கப்படலாயிற்று. பெயர் மட்டுமே பின்தங்கியது. இப்பின்னடைவு எதனால் நேர்ந்தது என்பதும், அதன் விளைவு யாது என்பதுமே எமது ஆய்வுப் பொருள்.

2

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி மேனாட்டார் எமக்குத் தந்த கொடையன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவின் எண்ணிக்கைகொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. நந்து எனப்படும் நத்தை, ஊறுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிராக அங்குக் கொள்ளப்படுகின்றது. நத்தையின் ஓட்டையன்றி அதன் உணர்வையே வகைப்பாட்டின் அடிப்படையாகக் கொண்டமை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அதேவேளையில், இவ்வகைப்பாடு கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் படிநிலையாக அமைந்து, உச்சியில் மனிதனை வைப்பதையும் நாம் மறத்தலாகாது.

கற்றோர் வகுத்த இம்மரபுக்குப் புறம்பாக, கடலோடு வாழ்ந்த உழைக்கும் மக்களின் வகைப்பாடும் இருந்து வந்துள்ளது. ஊரி, சோகி, சங்கு என எமது வடபுலக் கரையோர மக்கள் வழங்கும் பெயர்கள் உழைப்பின் ஊடாகவும் பயன்பாட்டின் ஊடாகவும் உருவானவை. சங்கு வணிகத்திலே சாதிச் சங்கு, பட்டிச் சங்கு எனத் தரம்பிரிக்கும் வழக்கு உண்டு. இங்கு வேறுபாட்டை நிர்ணயித்தது அறுத்து வளையலாக்குவதற்கேற்ற ஓட்டின் தன்மையும், அதற்குக் கிடைக்கும் விலையுமேயாகும். சுழியோடியின் கை எட்டிய ஆழம்வரையிலேயே பெயர்களும் எட்டின. அதற்கப்பாற்பட்ட ஆழத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. எனவே பெயர் இருக்கவுமில்லை.

நவீன உயிரியலின் வகைப்பாட்டுப் படிகளை எமது பாடநூல்கள் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் எனத் தமிழாக்கியுள்ளன. இராச்சியமும் வருணமும் சாதியும் எங்கிருந்து வந்த சொற்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்ட அறிஞர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. படிநிலையாக அடுக்கப்பட்ட ஒழுங்கொன்றைக் குறிக்கச் சொல் தேடியபோது, படிநிலையாக அடுக்கப்பட்ட சமுதாயத்தின் சொற்களே மொழியில் ஆயத்தமாகக் கிடந்தன என்பதே இங்கு மனங்கொள்ள வேண்டியது. இது தமிழுக்கு மாத்திரம் உரியதொன்றன்று. டார்வின் விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் தமது ஆங்கிலச் சமுதாயத்தையே, அதன் தொழிற் பிரிவினையோடும் போட்டியோடும், மீண்டும் காண்கின்றார் என்ற கருத்தை 1862ஆம் ஆண்டில் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில் மார்க்ஸ் வெளியிட்டார். எனினும், டார்வினின் நூலை மார்க்ஸ் பெரிதும் மதித்தார் என்பதும் உண்மை. சமுதாயத்தின் சாயல் படிந்திருப்பதனாலேயே விஞ்ஞானம் பொய்யாகிவிடுவதில்லை. இவ்விருமுனைப் பார்வையை இழவாது மேலே செல்வோம்.

3

ஆழ்கடலில் உயிர்கள் உளவா என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கூர்மையடைந்தது. 1841, 1842ஆம் ஆண்டுகளிற் பிரித்தானியக் கடற்படையின் அளவைக் கப்பலொன்றில் ஈஜியன் கடலுக்குச் சென்ற எட்வேட் போர்ப்ஸ், வாரிவலையிட்டு மெல்லுடலிகளைச் சேகரித்தார். ஆழம் கூடக்கூட உயிர்கள் அருகிச் செல்வதைக் கண்ட அவர், ஏறத்தாழ 300 பாகத்துக்கு, அதாவது 550 மீற்றருக்குக் கீழே உயிர் இருத்தல் அரிது என்னும் முடிவுக்கு வந்தார். வெளிச்சமற்று, குளிர்ந்து, நீரின் அழுத்தம் மிகுந்துள்ள இடத்தில் உயிர் வாழாது என்ற ஊகம் அக்காலத்தார்க்கு இயல்பானதாகவே தோன்றியது.

இம்முடிவைத் தகர்ப்பதிற் பெரும்பங்கு கொண்டது தந்திக் கம்பியாகும். முதலாளித்துவச் சந்தை உலகளாவி விரிந்தபோது, விலைகளும் கட்டளைகளும் கப்பலிலும் விரைவாகச் செல்ல வேண்டியிருந்தது. மலாயாத் தீவக்குறையின் மரங்களிலிருந்து பெற்ற கட்டாபேர்ச்சா என்னும் பாலினால் உறையிடப்பட்ட செப்புக் கம்பிகள் கடலடியிற் கிடத்தப்பட்டன. சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையில் இடப்பட்டுப் பழுதடைந்த கம்பியொன்று 1860இல் மேலே இழுக்கப்பட்டபோது, 2,000 மீற்றருக்கும் கூடிய ஆழத்திற் கிடந்த பகுதியில் உயிர்கள் ஒட்டி வளர்ந்திருக்கக் காணப்பட்டன. பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன்-எட்வேட்ஸ் 1861இல் அவற்றை ஆராய்ந்தார். பவளங்களும் சிப்பிகளும் நத்தைகளும் அவற்றுள் அடங்கின. ஆழ்கடல் நத்தை விஞ்ஞானத்தின் கண்ணிற் பட்டது, அதனைத் தேடிச் சென்றதனாலன்று. பழுதுபார்க்கச் சென்றதனால் என்பது குறிப்பிடத்தக்கது.

1872 டிசம்பரிற் புறப்பட்டு 1876 மே மாதத்தில் மீண்ட சலஞ்சர் பயணம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. கடற்படை வழங்கிய போர்க்கப்பலொன்றின் பீரங்கிகளிற் பெரும்பாலானவை அகற்றப்பட்டு, அவ்விடங்களில் ஆய்வுகூடங்கள் அமைக்கப்பட்டன. பீரங்கியின் இடத்தில் நுணுக்குக்காட்டி வந்தமர்ந்தது. எனினும் கப்பல் கடற்படையின் கப்பலே. சமுத்திரத்தின் ஆழங்களை அளந்தறிதல் கம்பிக் கம்பெனிகளுக்கும் கடலாதிக்கத்துக்கும் இன்றியமையாததாக இருந்த காலம் அது. அப்பயணத்தின் அறிக்கை 1880 முதல் 1895 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் நத்தையினங்கள் பற்றிய பகுதியை 1886இல் எழுதி முடித்தவர் இராபட் பூக் உவாட்சன் என்னும் ஸ்கொட்லாந்துக் கிறித்தவப் போதகர். பல்கலைக்கழகங்களில் விலங்கியல் முழுநேரத் தொழிலாக இன்னும் நிலைபெறாத அக்காலத்தில், ஓய்வுடைய நடுத்தர வர்க்கத்தினரின் உழைப்பே வகைப்பாட்டுப் பணியைப் பெரிதும் தாங்கியது.

இந்து சமுத்திரத்தைப் பொறுத்தவரையில், பம்பாயிற் கட்டப்பட்டு 1881 முதல் இயங்கிய இன்வெஸ்டிகேற்றர் என்னும் அளவைக் கப்பல் நினைவுகூரப்பட வேண்டியது. துறைமுகங்களுக்கும் கப்பற் பாதைகளுக்கும் வரைபடம் தயாரிப்பதே அதன் முதற்பணி. அப்பணியினிடையே கிடைத்த வேளைகளிலேயே ஆழ்கடலில் வலையிடப்பட்டது. 1888 முதல் அக்கப்பலிற் பணியாற்றிய மருத்துவரும் இயற்கையியலாளருமான அல்பிரட் அல்கொக், தமது அனுபவங்களை 1902இல் நூலாக வெளியிட்டார். வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் கிடைத்த மெல்லுடலிகளைப் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த எட்கார் சிமித் விவரித்துப் பெயரிட்டார். வலையை இறக்கி ஏற்றிய இந்திய மாலுமிகளின் பெயர்கள் எந்த நத்தைக்கும் சூட்டப்பட்டதாக நாம் அறியவில்லை. கடல் இங்கிருந்தது, உழைப்பு இங்கிருந்தது, பெயர் சூட்டும் அதிகாரம் இலண்டனில் இருந்தது. தேயிலையும் இறப்பரும் சென்ற அதே பாதையில் மாதிரிகளும் சென்றன.

இவ்விடத்து வகைப்பாட்டின் விதியொன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். விலங்கியற் பெயரிடலின் சருவதேச விதிகளின்படி, ஒரு புதிய இனத்துக்குப் பெயரிடுவோர் அதனைச் சுட்டிநிற்கும் மாதிரியொன்றைத் தெரிந்து குறிப்பிடல் வேண்டும். பின்வருவோர் எவருக்கும் ஐயம் எழின், அவர் அம்மாதிரியையே சென்று பார்த்தல் முறை. அதாவது, பெயரென்பது வெறும் ஒலியன்று. ஏதோவொரு நகரத்தின் ஏதோவொரு நூதனசாலைப் பேழையுள் வைக்கப்பட்டுள்ள ஒரு பொருளோடு பிணைக்கப்பட்டது. அப்பேழைகளிற் பெரும்பாலானவை எங்கே உள்ளன என்பது குடியேற்றவாத வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிரன்று.

4

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்கடல் பற்றிய அறிவிற் பண்புரீதியான மாற்றம் நிகழ்ந்தது. 1977இல் அல்வின் என்னும் அமெரிக்க நீர்மூழ்கி, கலாபகசுத் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டறிந்தது. அவற்றைத் தேடிச் சென்றவர்கள் புவிச்சரிதவியலாளர்கள். உயிரியலாளர் எவரும் அப்பயணத்தில் இருக்கவில்லை. ஆனால் அவ்வூற்றுக்களைச் சுற்றி உயிர்கள் செறிந்து வாழ்ந்தன. சூரிய ஒளியை நேரடியாக நம்பாது, புவியின் உள்ளிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு முதலிய பொருள்களிலிருந்து சத்தியைப் பெறும் பற்றீரியாக்களே அங்கு உணவுக்கு அடிப்படை. இம்முறையும் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

இவ்வூற்றுக்களில் வாழும் நத்தைகள் வகைப்பாட்டியலாளர்க்குப் புதிய பிரச்சினைகளைத் தந்தன. நத்தையொன்றை விவரிக்கும் பழைய முறையில் ஓடே முதன்மை பெற்றது. ஓட்டின் சுருள்கள் எத்தனை, வாய் எவ்வடிவம், மேற்பரப்பு வழுவழுப்பானதா வரியுடையதா என்பன குறிக்கப்பட்டன. பின்னர், உணவை அராவும் நாக்கின்மீது வரிசையாக அமைந்த நுண்பற்கள், ஓட்டின் வாயை அடைக்கும் மூடி, உள்ளுறுப்புக்களின் அமைப்பு என்பனவும் கணக்கிலெடுக்கப்பட்டன. அண்மைக் காலத்திற் பரம்பரையலகுகளின் ஒப்பீடும் சேர்ந்துகொண்டது. புறத்தோற்றத்திலிருந்து உள்ளமைப்புக்கும், அங்கிருந்து தோற்றுவாய்க்கும் செல்லும் இவ்வியக்கம், இலக்கிய ஆய்வு வடிவத்திலிருந்து உள்ளடக்கத்துக்கும், அங்கிருந்து அதன் வரலாற்றுக்கும் சென்றமையை எமக்கு நினைவூட்டுகின்றது.

அல்வினின் பெயரையே தாங்கிய அல்வினிகொன்கா என்னும் சாதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டின்மீது மயிர்போன்ற முனைகள் அடர்ந்த இந்நத்தைகளுள் முதலாவது இனத்தை 1988இல் யப்பானிய ஆய்வாளர்களான ஒகுதானியும் ஒத்தாவும் விவரித்தனர். அதன்பின் வெவ்வேறு கடல்களிற் கிடைத்தவை தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருந்தமையால், அவை எத்தனை இனங்கள் என்பதை ஓட்டினைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை. பரம்பரையலகு ஆய்வின் துணைகொண்டு 2014ஆம் ஆண்டிலே மேலும் ஐந்து இனங்கள் பெயர்பெற்றன. அவற்றுளொன்று இந்து சமுத்திரத்தின் பெயரையே பெற்றது. இன்னொன்றுக்கு ஜோ ஸ்ட்ரமர் என்னும் இடதுசாரிச் சார்புடைய ஆங்கிலப் பாடகரின் பெயர் இடப்பட்டது. பிரபுக்களுக்கும் கடற்படைத் தளபதிகளுக்கும் காணிக்கையாகப் பெயர் சூட்டிய மரபு முற்றாக மறைந்துவிட்டது என்று இதனாற் கூறமுடியாது. ஆனால் பெயரிடுவோரின் உலகம் மாறியுள்ளது என்பதற்கு இது சான்று.

இனி, எமது முதன்மையான எடுத்துக்காட்டுக்கு வருவோம். மத்திய இந்து சமுத்திர மலைத்தொடரில், 2,400 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அமைந்த வெந்நீர் ஊற்றுத் தொகுதியொன்றை 2000ஆம் ஆண்டில் யப்பானியர் கண்டறிந்து கைரெய் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டில் அங்குச் சென்ற அமெரிக்க ஆய்வுக்குழு, சில சென்ரிமீற்றர் நீளமே உள்ள நத்தையொன்றை மேலே கொணர்ந்தது. அதன் காலின் பக்கங்கள் ஓடுகள் வேய்ந்த கூரைபோல அடுக்கிய செதில்களாற் போர்த்தப்பட்டிருந்தன. அச்செதில்களிலும் ஓட்டின் வெளிப்படையிலும் இரும்புச் சல்பைட்டு படிந்திருந்தது. தன் வன்கூட்டில் இரும்புச் சல்பைட்டைச் சேர்த்துக்கொள்ளும் வேறெந்த விலங்கும் இன்று உயிருடன் இருப்பதாக அறியப்படவில்லை. 2003இல் இதுபற்றிய முதலாவது கட்டுரை வெளிவந்தது. ஆனால் அதில் இனப்பெயர் முறையாக இடப்படவில்லை. செதிற்கால் நத்தை என்னும் பொருள்பட்ட வழக்குப் பெயரே நிலவியது.

2009ஆம் ஆண்டில் வேறோர் ஊற்றுத் தொகுதியில் இதே அமைப்புடைய, ஆனால் வெண்ணிறமான நத்தைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் செதில்களில் இரும்புப் படிவு இருக்கவில்லை. கரியது ஓரினம், வெளியது வேறோரினம் என்று கொள்ளலாமா? புறத்தோற்றத்தை மட்டும் நோக்கின் அவ்வாறே கொள்ளத் தோன்றும். ஆனால் உள்ளமைப்பும் பரம்பரையலகுகளும் இவை ஓரினமே எனக் காட்டின. வெள்ளை நத்தைகள் வாழும் ஊற்று நீரில் இரும்பு குறைவு. கரிய நத்தைகள் வாழும் நீரில் அது மிகுதி. மிக வெளிப்படையாகத் தெரிந்த வேறுபாடு பிறப்பிலன்றிச் சூழலில் வேரூன்றியது. நிறத்தைக் கொண்டு இனத்தை வகுக்க முற்பட்ட மனித வரலாற்றை அறிந்தோர் இம்முடிவை ஒரு நத்தையின் செய்தியாக மாத்திரம் வாசித்தல் அரிது. ஆயினும் உவமையை எல்லைமீறி இழுத்தல் எமது நோக்கமன்று.

தென்மேற்கு இந்து சமுத்திர மலைத்தொடரில், சீன ஆய்வாளர்கள் 2007இற் கண்டறிந்த லொங்சி என்னும் ஊற்றுத் தொகுதியிலிருந்து 2011இற் பிரித்தானியப் பயணமொன்று போதிய மாதிரிகளைச் சேகரித்தது. அவற்றை அடிப்படையாகக் கொண்டு சென், லின்சே, கொப்லி, ரொஜேர்ஸ் ஆகிய நால்வரும் 2015இல் அதனை முறையாக விவரித்து, கிறைசோமலன் ஸ்குவாமிபெரம் எனப் பெயரிட்டனர். செதில் தாங்குவது என்பது இனப்பெயரின் பொருள். அதன் உணவுக் குழாயோடு இணைந்த பெருத்த சுரப்பியில் பற்றீரியாக்கள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கின்றன என்பதும், உடலளவோடு ஒப்பிடுகையில் அதன் இதயம் மிகப் பெரியது என்பதும் உள்ளமைப்பு ஆய்வினால் வெளிப்பட்டன.

5

2001க்கும் 2015க்கும் இடையில் நிகழ்ந்தவற்றைக் காலவரிசையில் வைத்து நோக்கினால், பெயரிடலின் சமூக அடிப்படை தெளிவாகும்.

2010ஆம் ஆண்டில் இந்நத்தையின் மூவடுக்கு ஓடு அடியைத் தாங்கும் முறைபற்றிய ஆய்வொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. கவச உருவாக்கத்துக்குப் பயன்படக்கூடிய அவ்வாய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியும் கிடைத்திருந்தது. உயிருக்கு முறையான பெயர் இல்லாதபோதே அதன் ஓட்டின் வலிமை அளவிடப்பட்டுவிட்டது.

வெந்நீர் ஊற்றுக்கள் செம்பு, நாகம், பொன், வெள்ளி முதலியவற்றைக் கொண்ட சல்பைட்டுப் படிவுகளை உருவாக்குகின்றன. எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலடித்தளத்துக் கனியங்களை ஆராயும் உரிமையை வழங்குவது சருவதேசக் கடலடித்தள அதிகாரசபையாகும். அச்சபையோடு 2011இற் சீனாவும், 2014இல் தென் கொரியாவும், 2015இல் ஜேர்மனியும், 2016இல் இந்தியாவும் இந்து சமுத்திரச் சல்பைட்டுப் படிவுகள் தொடர்பான ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. லொங்சி ஊற்றுக்கள் சீனாவின் ஒப்பந்தப் பரப்பினுள்ளும், கைரெய் ஊற்றுக்கள் ஜேர்மனியின் ஒப்பந்தப் பரப்பினுள்ளும் அமைந்தவை. லொங்சி நத்தை பெயர் பெறுவதற்கு நான்காண்டுகள் முன்னரே அதன் நிலம் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது. கைரெய் நத்தையின் பெயரும் நில ஒப்பந்தமும் ஒரே ஆண்டில் வந்தன. இவை அகழ்ந்தெடுக்கும் அனுமதிகள் அல்ல, ஆராயும் அனுமதிகளே என்பது உண்மை. ஆனால் எதற்காக ஆராய்கின்றனர் என்பதில் ஐயமில்லை.

இவ்வமைப்பின் தோற்றத்தில் எமது நாட்டவர் ஒருவருக்குப் பங்குண்டு. கடலடித்தளம் மனிதகுலத்தின் பொதுச் சொத்தாகக் கொள்ளப்பட வேண்டும் என்று 1967இல் ஐக்கிய நாடுகள் சபையில் மோல்ற்றாவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ வாதிட்டார். அதன்பின் கடற்சட்டம் பற்றிய மூன்றாவது மகாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மறையும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான சேர்லி அமரசிங்க. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள், நிலத்தில் நிகழ்ந்த கொள்ளை கடலடியிலும் நிகழாதிருக்க வேண்டும் என வாதிட்ட காலம் அது. 1982இல் அம்மகாநாட்டின் உடன்படிக்கை நிறைவுபெற்றது. 1994இல் அதிகாரசபை தோன்றியது. ஆனால் அவ்விவாதங்கள் பெரிதும் கடலடியிற் கிடக்கும் மங்கனீசுக் கணுக்களைச் சுற்றியே நடந்தன. வெந்நீர் ஊற்றுக்களின் உயிர்கள் அறியப்பட்டது மகாநாடு நடந்துகொண்டிருந்த 1977ஆம் ஆண்டிலேதான். பொதுச் சொத்தை எவ்வாறு பகிர்வது என்பதே வினாவாயிற்று. அச்சொத்தின்மீது ஏற்கெனவே வாழ்வோர் உளரா என்னும் வினா உரத்து எழவில்லை.

இங்கேயே பெயரின் முக்கியத்துவம் வெளிப்படுகின்றது. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் செம்பட்டியலைத் தயாரிக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கான சருவதேச ஒன்றியம், பொதுவாக முறைப்படி விவரிக்கப்பட்ட இனங்களையே மதிப்பீட்டுக்கு ஏற்கின்றது. பெயரற்ற உயிருக்காக வாதிடுதல் அரிது. கிறைசோமலன் பெயர்பெற்று நான்காண்டுகளின் பின், 2019இல், அழியும் ஆபத்திலுள்ள இனமாக அச்செம்பட்டியலில் இடம்பெற்றது. ஆழ்கடல் அகழ்வின் காரணமாக அவ்வாறு பட்டியலிடப்பட்ட முதலாவது உயிரினம் அதுவே. அப்போது அது மூன்று ஊற்றுத் தொகுதிகளில் மாத்திரமே அறியப்பட்டிருந்தது. மூன்றினதும் வாழ்பரப்பை ஒன்றுகூட்டினும் ஏறத்தாழ 0.02 சதுரக் கிலோமீற்றரே. பின்னர் வேறு சில ஊற்றுக்களிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, ஊற்றுக்களுக்கே உரிய 184 மெல்லுடலி இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 62 சதவீதமானவை ஆபத்துக்குட்பட்டவை என்று முடிவுசெய்தது. அந்த 184 இனங்களையும் எண்ண முடிந்தமைக்குக் காரணம், ஒவ்வொன்றையும் எவரோ ஒருவர் அமர்ந்து விவரித்துப் பெயரிட்டமையேயாகும்.

செம்பட்டியல் எவ்வரசையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று. ஓர் உயிர் அதில் இடம்பெற்றதனால் அகழ்வு தானாக நின்றுவிடாது. எனினும் அகழ்வுக்கான விதிகள் பற்றிய பேச்சுவார்த்தையில் இனிமேல் எதிர்வாதம் செய்வோர் கையில் ஒரு பெயர் உண்டு. 2023 யூலையில் அவ்விதிகளை நிறைவுசெய்வதற்கான கால எல்லை கடந்தபோதும் அவை நிறைவுபெறவில்லை. இத்தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் ஊற்றுக்களிலுள்ள உயிர்கள் பற்றிய அறிவு அவற்றுள் ஒன்று என்பதை மறுக்கமுடியாது.

6

மேற்கூறியவற்றிலிருந்து இருவகைத் தவறான முடிவுகள் பெறப்படலாம். விஞ்ஞானம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டது. கம்பியும் கப்பலும் ஒப்பந்தமும் தற்செயலான புறக் காரணிகள் என்பது ஒன்று. வகைப்பாட்டியல் முற்றிலும் ஏகாதிபத்தியத்தின் ஏவலாளாகவே இருந்தது, இருக்கின்றது என்பது மற்றொன்று. முன்னையது கருத்துமுதல்வாதம், பின்னையது கொச்சைப் பொருள்முதல்வாதம். தந்திக் கம்பெனி விரும்பியது பழுதற்ற கம்பி; ஆனால் அதே கம்பி போர்ப்ஸின் கொள்கையைத் தகர்த்தது. கனியத்தை நாடிய அரசுகள் ஊற்றுக்களைத் தேடின. அங்குக் கிடைத்த நத்தையின் பெயரே இன்று அந்நாட்டத்துக்கு எதிராக எழுப்பப்படுகின்றது. அறிவுக்கு நிதியளிப்போரின் நோக்கமும் அவ்வறிவின் விளைவும் ஒன்றாகவே அமைவதில்லை. இம்முரண்பாட்டிலேயே வரலாறு இயங்குகின்றது.

அவ்வாறாயின், பதினான்காண்டுப் பின்னடைவுக்குக் காரணம் யாது? எவரது சதியும் அன்று. ஆழ்கடலிலிருந்து மாதிரி பெறுதல் பெரும் பொருட்செலவு உடையது. கப்பல்கள் எங்குச் செல்லவேண்டும் என்பதை நிதியுடைய அரசுகளே தீர்மானிக்கின்றன. மாதிரி கிடைத்த பின்னரும் அதை அறுத்து, வரைந்து, ஒப்பிட்டு, எழுதும் வேலை மெதுவானது. அவ்வேலைக்கு உடனடிச் சந்தைப் பெறுமதி இல்லை. ஓட்டின் வலிமைக்கு விலையுண்டு, கனியத்துக்கு விலையுண்டு, விவரிப்புக்கு விலையில்லை. எனவே விலையுடையவை முந்தின, விலையற்றது பிந்தியது. பொருள்களை விலைகொண்டே வரிசைப்படுத்தும் அமைப்பில் இது எதிர்பார்க்கத்தக்கதே.

இங்கு எமது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு எழுகின்றது. இந்து சமுத்திரத்தின் நத்தைகளை விவரித்தவர்களின் பட்டியலில் அதன் கரையோர நாடுகளின் ஆய்வாளர் அருகியே காணப்படுகின்றனர். கப்பலும் நீர்மூழ்கியும் எம்மிடம் இல்லை என்பது இதற்குப் போதிய விடையன்று. உவாட்சன் சலஞ்சரிற் பயணம் செய்தவரல்லர். எட்கார் சிமித் விவரித்தவை பிறர் சேகரித்து அனுப்பிய மாதிரிகளே. விவரிப்புக்கு முதலில் வேண்டியது பயிற்சிபெற்ற கண்ணும், பொறுமையும், ஒப்பிட்டு நோக்க மாதிரிகளும், அவ்வுழைப்பை மதிக்கும் நிறுவனமுமாகும். இவற்றை உருவாக்குதல் எமது சத்திக்கு அப்பாற்பட்டதன்று.

தமிழாய்வாளர்க்கும் இதிற் பணியுண்டு. நந்தின் உணர்வை எண்ணிய மொழி, ஊரியையும் சோகியையும் சங்கையும் பிரித்தறிந்த மொழி, சூரிய ஒளி எட்டாத ஆழத்தில் இரும்புச் செதில் போர்த்து வாழும் உயிரைப் பற்றிப் பேச இயலாததன்று. ஆனால் சுழியோடியின் கை எட்டிய ஆழம்வரை மாத்திரமே எமது சொற்களும் சென்றன என்ற நிலை நீடிக்கலாகாது. இன்று அந்த ஆழத்துக்கு அகழ்வுப் பொறியின் கை எட்டப்போகின்றது. அங்கு வாழ்பவை எவை என்று எமது மாணவர் எமது மொழியிற் கேட்பதற்கு முன்னரே அது எட்டிவிடுமாயின், பின்னர் நாம் இடும் பெயர்கள் நூதனசாலைப் பேழைகளுக்கு மாத்திரமே பயன்படும்.